குரோன் நோயும் பெருங்குடல் புற்றும்: யாருக்கு ஆபத்து, எப்போது பார்க்க வேண்டும், எப்படிப் பார்க்க வேண்டும்

குரோன் நோய், அதாவது குடலில் நீண்டகாலம் நீடிக்கும் அழற்சி நோய், என்று மருத்துவர் சொன்னதும் வீட்டில் எழும் முதல் கேள்விகளில் ஒன்று, ‘இது பின்னாளில் கேன்சராக மாறுமா?’ என்பது. நோயின் பெயரை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. சிறுகுடலின் கடைசிப் பகுதியில் மட்டும் நோய் இருப்பவருக்குப் பெருங்குடல் புற்று வரும் வாய்ப்பு மற்றவர்களுக்கு உள்ள அளவுதான். பெருங்குடலின் பெரும்பகுதி புண்ணாகி, பத்துப் பதினைந்து ஆண்டுகள் அடங்காமல் இருந்தவருக்கு அது பல மடங்கு. இருவர் கோப்பிலும் ஒரே பெயர்தான் எழுதியிருக்கும். அதனால் நோயாளி தன்னைப் பற்றித் தெரிந்துவைத்திருக்க வேண்டிய விவரங்கள் மூன்று: குடலில் எந்த இடம் வரை நோய் பரவியது, எந்த ஆண்டில் தொடங்கியது, எவ்வளவு காலம் அடங்காமல் இருந்தது. கண்காணிப்புக் கொலோனோஸ்கோபியை (ஆசனவாய் வழியே கேமராக் குழாயைச் செலுத்திப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை) எப்போது தொடங்குவது, எத்தனை ஆண்டுக்கு ஒரு முறை செய்வது என்பதெல்லாம் இவற்றிலிருந்தே முடிவாகிறது.

எண்கள் சொல்வது

நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவமனையைச் சேர்ந்த பர்ரில் குரோனும் அவருடைய சகாக்கள் இருவரும் 1932-ல் இந்த நோயை விவரித்தபோது, அது சிறுகுடலின் கடைசிப் பகுதியைத் தாக்கும் நோய் என்றே அறியப்பட்டது. பெருங்குடலிலும் இதே நோய் வரும், அது பெருங்குடலின் உட்படலத்தைப் புண்ணாக்கும் இன்னொரு அழற்சி நோயான அல்சரேட்டிவ் கொலைட்டிஸிலிருந்து வேறானது என்பதை லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையின் லாக்ஹார்ட்-மம்மரியும் மோர்சனும் 1960-ல்தான் தெளிவாகப் பிரித்துக் காட்டினார்கள். அதனால் புற்று ஆபத்து பற்றிய பேச்சு நெடுங்காலம் அல்சரேட்டிவ் கொலைட்டிஸைச் சுற்றியே நடந்தது. குரோன் நோயாளிகளின் பெருங்குடலை யாரும் அதே கவலையோடு பார்க்கவில்லை.

1990-ல் ஸ்வீடனிலிருந்து வந்த ஆய்வு இதை மாற்றியது. உப்சாலா பகுதியில் 1,655 குரோன் நோயாளிகளைப் பின்தொடர்ந்து, நோய் இருந்த இடத்தைப் பொறுத்துப் பிரித்துக் கணக்கிட்டார்கள். சிறுகுடல் முனையில் மட்டும் நோய் இருந்தவர்களுக்குப் பெருங்குடல் புற்று பொதுமக்களுக்கு வரும் அளவே வந்தது. சிறுகுடல் முனையிலும் பெருங்குடலின் சில பகுதிகளிலும் இருந்தவர்களுக்கு 3.2 மடங்கு. பெருங்குடலில் மட்டும் இருந்தவர்களுக்கு 5.6 மடங்கு. பெருங்குடல் பாதிப்போடு 30 வயதுக்கு முன்பே நோய் கண்டறியப்பட்டவர்களுக்கு ஏறத்தாழ 21 மடங்கு. கடைசி எண்ணைப் படித்து அதிர வேண்டாம். இளம் வயதில் பெருங்குடல் புற்று மிக மிக அரிது. சிறிய எண்ணின் மடங்கு எப்போதும் பெரிதாகத் தெரியும். ஆனால் திசை சரி: இளமையில் தொடங்கினால் அழற்சியோடு வாழும் காலம் நீளம்.

2006-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்ட ஒரு தொகுப்பாய்வு, குரோன் நோயாளிகளில் மொத்தமாகப் பெருங்குடல் புற்று 2.5 மடங்கு என்றது. நோய் கண்டறிந்த 10 ஆண்டில் 2.9%, 20 ஆண்டில் 5.6%, 30 ஆண்டில் 8.3% பேருக்குப் புற்று வருகிறது என்று அது மதிப்பிட்டது. இணையத்தில் இன்றும் அதிகம் சுற்றுவது இந்த எண்கள்தான். இவற்றில் பெரும்பகுதி பழைய சிகிச்சைக் காலத்தைச் சேர்ந்தவை. பெரிய சிறப்பு மருத்துவமனைகளுக்கு வந்து சேர்ந்த கடுமையான நோயாளிகளும் அந்தக் கணக்கில் அதிகம்.

இன்றைய நிலைக்கு நெருக்கமான கணக்கு 2020-ல் வெளியானது. டென்மார்க், ஸ்வீடன் இரண்டு நாடுகளின் தேசியப் பதிவேடுகளில் 1969 முதல் 2017 வரை இருந்த 47,035 குரோன் நோயாளிகளை, அதே வயதும் பாலினமும் கொண்ட 4.6 லட்சம் பேரோடு ஒப்பிட்டார்கள். புற்று வரும் ஆபத்து 1.4 மடங்கு. ஆயிரம் பேரை ஓராண்டு பின்தொடர்ந்தால் நோயாளிகளில் 0.82, மற்றவர்களில் 0.64. அதாவது பத்தாயிரம் பேரில் ஆண்டுக்கு 8 பேர், மற்றவர்களில் 6 பேர். பயந்து நடுங்கும் அளவு வேறுபாடு இல்லை என்பது இதிலிருந்து தெரிகிறது.

அதே ஆய்வில் கவலை தரும் இன்னொரு எண் உண்டு. பெருங்குடல் புற்றால் இறக்கும் ஆபத்து 1.74 மடங்கு. புற்று வந்தவர்களை மட்டும் எடுத்து, அது எந்த நிலையில் கண்டுபிடிக்கப்பட்டது என்பதையும் சரிசெய்து பார்த்தாலும், குரோன் நோயாளிகள் மற்றவர்களைவிட 1.4 மடங்கு அதிகமாக இறந்தார்கள். ஒரே நிலையில் கண்டுபிடித்தும் விளைவு மோசம். ஆகவே இவர்களுக்குப் புற்றை ‘ஆரம்பத்திலேயே’ பிடிப்பது போதாது, அதற்கும் முந்தைய கட்டத்தில் பிடிக்க வேண்டும். கண்காணிப்பின் நோக்கமே அதுதான். 8 ஆண்டு கடந்தவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தபோது, புற்று ஆபத்து தெளிவாகக் கூடியிருந்தது மூன்று கூட்டத்தாருக்கு: 40 வயதுக்கு முன் நோய் கண்டறியப்பட்டவர்கள், பெருங்குடலில் மட்டும் நோய் உள்ளவர்கள், பித்தநாளத் தழும்பு நோயும் சேர்ந்து உள்ளவர்கள்.

அழற்சியிலிருந்து புற்று

சாதாரணமாக வரும் பெருங்குடல் புற்று பெரும்பாலும் பாலிப் எனப்படும் சிறு சதை முளையில் தொடங்குகிறது. முதலில் ஏபிசி என்ற மரபணு கெடுகிறது, முளை எழுகிறது, பத்து ஆண்டளவில் மெல்ல வளர்கிறது, கடைசிக் கட்டத்தில் பி53 மரபணுவும் பழுதாகிப் புற்றாகிறது. கண்ணுக்குத் தெரியும் முளை, பொறுமையான கால அவகாசம் என்ற இரண்டும் மருத்துவருக்குச் சாதகம்.

அழற்சியுள்ள குடலில் வரிசையே மாறிவிடுகிறது. பி53 பழுது முதலில் வருகிறது, ஏபிசி பின்னால் வருகிறது அல்லது வருவதே இல்லை. அழற்சிச் செல்கள் வெளியிடும் ஆக்சிஜன் வேதிப்பொருள்கள் குடல் உட்படலச் செல்களின் டிஎன்ஏவைத் தொடர்ந்து தாக்குகின்றன. புண் ஆற ஆற உட்படலம் திரும்பத் திரும்பப் புதுப்பிக்கப்படுகிறது. ஒவ்வொரு புதுப்பிப்பிலும் பழுதான செல் தன் வாரிசுகளைப் பரப்புகிறது. இதனால் பழுது ஒரு புள்ளியில் நிற்பதில்லை, குடலின் நீண்ட பரப்பில் படர்ந்துவிடுகிறது. அந்தப் பரப்பில் எங்கு வேண்டுமானாலும், ஒரே சமயத்தில் இரண்டு மூன்று இடங்களில்கூட, புற்றின் முன்நிலை தோன்றலாம்.

இந்த முன்நிலைக்குத்தான் டிஸ்பிளேசியா என்று பெயர். அது முளையாக எழாமல், சுற்றியுள்ள சவ்வோடு சவ்வாகத் தட்டையாகவே கிடக்கலாம். நிறம் லேசாக மாறியிருக்கும், மேற்பரப்பு மிக மெல்லிய மணல்போலத் தடித்திருக்கும், அவ்வளவுதான். அமெரிக்காவில் 67 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் செய்த ஓர் ஆய்வில், பெருங்குடல் புற்று வந்த குரோன் நோயாளிகளில் சுமார் 15% பேருக்கு அதற்கு முந்தைய மூன்றாண்டுக்குள் செய்த கொலோனோஸ்கோபியில் அது பிடிபடாமல் போயிருந்தது. குடல் அழற்சி இல்லாதவர்களில் அந்த அளவு 6%-க்கும் கீழே. பரிசோதனை செய்தாகிவிட்டது என்பது மட்டும் நிம்மதி தராது. எப்படிச் செய்யப்பட்டது என்பதும் தெரிய வேண்டும்.

அறிகுறியும் இங்கே உதவுவதில்லை. ரத்தம் கலந்த மலம், வயிற்றுப்போக்கு, எடை குறைதல், ரத்தசோகை ஆகிய எல்லாமே குரோன் நோயிலும் வரும், புற்றிலும் வரும். மலத்தில் மறைந்த ரத்தத்தைத் தேடும் எஃப்ஐடி பரிசோதனை, அழற்சிப் புண்ணில் கசியும் ரத்தத்துக்கும் ‘பாசிட்டிவ்’ காட்டும். புற்றுக் குறியீட்டைப் பார்க்கும் சிஇஏ ரத்தப் பரிசோதனை முன்நிலையைக் கண்டுபிடிக்காது. சிடி ஸ்கேன் மூலம் செய்யும் கொலோனோகிராஃபிக்குத் தட்டையான பழுது தெரியாது. கொலோனோஸ்கோபிக்கு மாற்று இன்னும் இல்லை.

எட்டாவது ஆண்டு

பெருங்குடலில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு பாதிக்கப்பட்டிருந்தால், நோய் தொடங்கி 8 ஆண்டு ஆனதும் கண்காணிப்பைத் தொடங்க வேண்டும் என்பதே பெரும்பாலான வழிகாட்டு நெறிகளின் அடிப்படை. இங்கே இரண்டு இடங்களில் கணக்கு தவறுகிறது.

முதலாவது, எட்டு ஆண்டை எங்கிருந்து எண்ணுவது என்பது. ஐரோப்பிய நெறிமுறை அறிகுறி தொடங்கிய நாளிலிருந்து எண்ணச் சொல்கிறது. இந்தியாவில் இது பெரிய விஷயம். குடல் காசநோயும் குரோன் நோயும் சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் அதே இடத்தைத் தாக்குகின்றன. புண், சுருக்கம், கிரானுலோமா எனப்படும் அழற்சிச் செல்களின் சிறு திரள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். திசுவில் காசநோய்க் கிருமியோ, அதற்கே உரிய சிதைவோ கிடைக்காதபோது, காசநோய் மருந்தைக் கொடுத்துப் பார்த்து, புண் ஆறவில்லை என்றால் குரோன் என முடிவு செய்வது இங்கே வழக்கமாக நடக்கிறது. அதற்கும் முன் ‘மூலம்’, ‘அல்சர்’, ‘கேஸ்’ என்று மருந்து எடுத்த காலம் வேறு. 2019-ல் குரோன் என்று பெயர் வைக்கப்பட்டவருக்கு 2015 முதலே வயிற்றுவலியும் ரத்தப்போக்கும் இருந்திருந்தால், எட்டு ஆண்டு 2023-லேயே முடிந்துவிட்டது. இந்த விவரம் நோயாளியின் நினைவில் மட்டும்தான் இருக்கும், மருத்துவரிடம் அதை எடுத்துச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, ‘மூன்றில் ஒரு பங்கு’ என்பதை எதை வைத்துச் சொல்வது என்பது. கடைசிக் கொலோனோஸ்கோபியில் குடல் சுத்தமாக இருந்தது என்பதற்காகப் பழைய பரப்பைக் கழிக்கக் கூடாது. எப்போதாவது நோய் எட்டிய அதிகபட்சப் பரப்புதான் கணக்கு. பயாப்ஸியில், அதாவது கிள்ளி எடுத்த திசுவின் பரிசோதனையில், மட்டும் தெரிந்த அழற்சியும் அதில் சேரும்.

பித்தநாளத் தழும்பு நோய், அதாவது பிஎஸ்சி, உள்ளவர்களுக்கு எட்டு ஆண்டுக் காத்திருப்பு கிடையாது. அது கண்டறியப்பட்ட நாளிலிருந்தே ஆண்டுதோறும் கொலோனோஸ்கோபி. இவர்களுக்குக் குடல் தொந்தரவு மிக லேசாக இருப்பதுண்டு. அழற்சி பல ஆண்டு ஓசையில்லாமல் நடந்திருக்கும், புற்று பெரும்பாலும் வலப்பக்கக் குடலில் வரும். குரோன் நோயாளியின் கல்லீரல் பரிசோதனையில் அல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதி விடாமல் உயர்ந்தே இருந்தால், பித்தநாளங்களைக் காட்டும் எம்ஆர்சிபி ஸ்கேன் பற்றிக் கேட்பது நல்லது.

எத்தனை ஆண்டுக்கு ஒரு முறை என்பது ஆளைப் பொறுத்தது. ஐரோப்பிய நெறிமுறையில் மூன்று அடுக்கு உண்டு. பிஎஸ்சி, கடந்த ஐந்தாண்டுக்குள் டிஸ்பிளேசியா அல்லது குடல் சுருக்கம், பரவலான கடும் அழற்சி, பெற்றோர் அல்லது உடன்பிறந்தோரில் ஒருவருக்கு 50 வயதுக்குள் பெருங்குடல் புற்று ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் ஆண்டுக்கு ஒரு முறை. பரவலான மிதமான அழற்சி, புண் ஆறியபின் எழும் போலி முளைகள், 50 வயதுக்குப் பின் நெருங்கிய உறவில் புற்று என்றால் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை. இவை எதுவும் இல்லை என்றால் ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை. போலி முளைகள் தாமாகப் புற்றாவதில்லை. அவை கூட்டமாக இருக்கும் இடத்தில் உண்மையான பழுது மறைந்துகொள்ளும் என்பதே சிக்கல்.

குடும்ப வரலாற்றைப் பலர் சாதாரணமாக விட்டுவிடுகிறார்கள். குடல் அழற்சி நோயாளிகளை வைத்து ஸ்வீடனில் 2001-ல் வெளியான ஆய்வில், நெருங்கிய உறவில் பெருங்குடல் புற்று இருந்தால் ஆபத்து 2.5 மடங்கு, அந்த உறவினருக்கு 50 வயதுக்குள் வந்திருந்தால் 9 மடங்கு என்று தெரிந்தது. ‘அப்பாவுக்கு வயிற்றில் கட்டி’ என்று சொல்வதோடு நிற்காமல் எந்த உறுப்பு, எந்த வயது என்பதை வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பரிசோதனை நாளும் அதற்கு முந்தைய நாள்களும்

கண்காணிப்புக் கொலோனோஸ்கோபியை நோய் அடங்கியிருக்கும்போது செய்ய வேண்டும். அழற்சி முழு வேகத்தில் இருக்கும்போது ஆறிவரும் செல்கள் மைக்ராஸ்கோப்பில் டிஸ்பிளேசியா போலவே தெரியும். ‘நிச்சயமாகச் சொல்ல இயலவில்லை’ என்ற அறிக்கை வரும், பரிசோதனையை மறுபடி செய்ய வேண்டியிருக்கும். உடம்பு நன்றாக இருக்கும்போது ‘இப்போது எதற்கு?’ என்று தோன்றுவதுதான் பலர் தவறவிடும் இடம். அதே சமயம், நோய் அடங்குவதே இல்லை என்றால் அடங்கட்டும் என்று ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடவும் கூடாது. அப்படி அடங்காத நோயாளிக்குத்தான் ஆபத்து அதிகம்.

குடல் சுத்தம் சரியில்லை என்றால் மற்றதெல்லாம் வீண். மூன்று நாள் முன்பிருந்தே விதையும் நாரும் உள்ளவற்றை நிறுத்த வேண்டும்: கொய்யா, கத்தரிக்காய், தக்காளி விதை, வெண்டை, முருங்கை, கீரை, எள், சப்ஜா விதை, முழுப் பயறுகள். வெள்ளைச் சோறு, இட்லி, தெளிந்த ரசம், தயிர், முட்டை, தோலும் விதையும் நீக்கிய காய் போதும். கொய்யா விதை கருவியின் உறிஞ்சு குழாயை அடைக்கும், கீரை சவ்வில் ஒட்டிக்கொள்ளும். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரிடம் சொல்லி ஒரு வாரம் முன்பே நிறுத்துவது வழக்கம். இல்லாவிட்டால் மலம் கறுத்துச் சுவரில் பூச்சாகப் படியும். முந்தைய நாள் தெளிந்த நீராகாரம் மட்டும்: இளநீர், வடிகட்டிய எலுமிச்சைச் சாறு, பால் கலக்காத டீ, வடிகட்டிய சூப். பீட்ரூட், மாதுளை, சிவப்பு நிற பானம் வேண்டாம். ரத்தமோ என்று குழப்பும்.

மருந்தாகப் பாலிஎதிலீன் கிளைக்கால் கரைசலே பொருத்தம். சோடியம் பாஸ்பேட் வகை மருந்துகள் குடல் சவ்வில் சிறு புண்களை உண்டாக்கும், அவை குரோன் புண்ணைப் போலவே இருக்கும். சிறுநீரகத்துக்கும் நல்லதல்ல. கரைசலை முழுவதும் முந்தைய இரவே குடித்து முடித்தால், விடிவதற்குள் சிறுகுடலிலிருந்து வழியும் பித்தநீர் வலப்பக்கக் குடலை மூடிவிடும். பாதியை முந்தைய மாலையிலும் மீதியைப் பரிசோதனைக்கு நாலைந்து மணி நேரம் முன்பும் குடிப்பதுதான் பயன்தரும் முறை. கடைசியாகப் போவது வெளிர் மஞ்சளாக, அடி தெரியும் தெளிவோடு இருக்க வேண்டும். குடல் சுருக்கம் இருப்பவர்கள், சர்க்கரை மாத்திரையோ ரத்தம் உறையாத மருந்தோ எடுப்பவர்கள் இதைத் தொடங்கும் முன் மருத்துவரிடம் தனியாகக் கேட்க வேண்டும்.

சாயம் தெளித்துப் பார்ப்பதை குரோமோஎண்டோஸ்கோபி என்கிறார்கள். செலவு குறைந்த, எளிய முறை. 1% மெத்திலீன் ப்ளூ 10 மில்லியை 240 மில்லி தண்ணீரில் கலந்தால் 0.04% கரைசல். இண்டிகோ கார்மைன் என்றால் 0.8% உள்ள 5 மில்லி ஆம்பூல் இரண்டை 250 மில்லியில் கலக்கிறார்கள், அது 0.03%. கருவி பெருங்குடலின் தொடக்கமான சீக்கம் வரை போனபின், தண்ணீர் பீய்ச்சும் பம்பில் இந்தக் கரைசலை வைத்து, கருவியை மெல்ல வெளியே இழுத்தபடி சுவர் முழுக்கச் சுழற்றித் தெளிக்க வேண்டும். 20, 30 சென்டிமீட்டர் தெளித்தபின் மறுபடி அந்தத் துண்டின் மேல்முனைக்குப் போய், தேங்கிய சாயத்தை உறிஞ்சி, ஒரு நிமிடம் பொறுத்துப் பார்க்க வேண்டும். நல்ல சவ்வு மெத்திலீன் ப்ளூவை உள்வாங்கி ஒரே சீரான நீலமாகும். டிஸ்பிளேசியா உள்ள இடம் அதைச் சரியாக உள்வாங்காமல் வெளிறித் தெரியும். இண்டிகோ கார்மைன் உள்ளே போகாது, பள்ளங்களில் தேங்கி மேடுபள்ளத்தை வரைபடமாகக் காட்டும். மெத்திலீன் ப்ளூவுக்குப்பின் ஒருநாள் சிறுநீர் பச்சை நீலமாகப் போவது இயல்பு. ஜி6பிடி என்ற ரத்தச் சிவப்பணு நொதியில் குறைபாடு உள்ளவர்களும் சில மனச்சோர்வு மருந்துகள் எடுப்பவர்களும் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

உயர் துல்லியக் கருவி இருந்தால், பொத்தானை அழுத்தி ஒளியின் நிறத்தை மாற்றிப் பார்க்கும் முறையும் ஏற்கத்தக்கது என்று அமெரிக்க நெறிமுறை 2021 முதல் சொல்கிறது. பழைய முறையில் 10 சென்டிமீட்டருக்கு ஒரு முறை நான்கு பக்கமும் கிள்ளி 33 மாதிரிக்குக் குறையாமல் எடுப்பார்கள். அவ்வளவு எடுத்தும் பெருங்குடல் பரப்பில் ஒரு சதவீதம்கூடப் பரிசோதனைக்கு வராது. அதனால் இப்போது சாயம் தெளித்து, சந்தேகமான இடத்தைக் குறிவைத்து எடுப்பதே முதன்மை. பிஎஸ்சி உள்ளவர்கள், முன்பு டிஸ்பிளேசியா வந்தவர்கள், குடல் தழும்பேறிக் குழாய்போலச் சுருங்கியவர்கள் ஆகியோருக்கு மட்டும் பழைய முறையையும் சேர்க்கிறார்கள். கிள்ளுவது வலிக்காது, உட்படலத்தில் வலி உணரும் நரம்பு இல்லை.

இங்கே நடக்கும் ஒரு சாதாரணத் தவறு பின்னால் பெரிய குழப்பமாகும். வலப்பக்கம், குறுக்குப் பகுதி, இடப்பக்கம், மலக்குடல் என எல்லா மாதிரிகளையும் ஒரே ஃபார்மலின் பாட்டிலில் போட்டுவிட்டால், ஏதோ ஒரு துண்டில் டிஸ்பிளேசியா என்று அறிக்கை வரும்போது அது எந்த இடம் என்று யாருக்கும் தெரியாது. குடல் பகுதிக்கு ஒரு பாட்டில், சந்தேகமான ஒவ்வொரு இடத்துக்கும் தனிப் பாட்டில், அதன்மேல் ஆசனவாயிலிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் என்ற குறிப்பு. தனிப் பாட்டில்களுக்குச் சில இடங்களில் பரிசோதனைக் கட்டணம் கூடும். அந்தச் செலவைக் குறைக்க வேண்டாம்.

அறிக்கை கைக்கு வந்ததும் சில விவரங்களைத் தேடுங்கள். கருவி சீக்கம் வரை போனதா, சிறுகுடல் முனைக்குள் நுழைந்ததா? சுத்தம் எப்படி? பாஸ்டன் அளவுகோலில் குடலின் மூன்று பகுதிக்கும் தலா 0 முதல் 3 வரை மதிப்பெண், எந்தப் பகுதியிலும் 2-க்குக் குறைந்தால் அங்கே பார்த்தது கணக்கில் சேராது. சாயமோ ஒளிமாற்றமோ பயன்பட்டதா? எந்தப் பகுதியில் எவ்வளவு அழற்சி? பழுது தெரிந்தால் அளவு, வடிவம், எல்லை தெளிவா, படம் எங்கே? அடுத்த பரிசோதனை எந்த ஆண்டு? ‘காலனிக் குரோன்ஸ், பயாப்ஸி எடுக்கப்பட்டது’ என்ற ஒற்றை வரி அறிக்கை கண்காணிப்புக்குப் போதாது. திருத்தி எழுதித் தரும்படி கேட்பதில் தவறில்லை.

டிஸ்பிளேசியா என்று வந்தால்

குறைநிலை (மாற்றம் லேசானது), உயர்நிலை (புற்றுக்கு நெருங்கியது), முடிவு சொல்ல இயலாதது என்று மூன்று வகையில் அறிக்கை வரும். எதுவாக இருந்தாலும் குடல் திசுவில் அனுபவமுள்ள இரண்டாவது நோய்க்குறியியல் மருத்துவர் அதே ஸ்லைடைப் பார்க்க வேண்டும். அழற்சியையும் டிஸ்பிளேசியாவையும் பிரிப்பதில் தேர்ந்தவர்களுக்குள்ளேயே கருத்து மாறும்.

முன்பெல்லாம் அழற்சிக் குடலில் டிஸ்பிளேசியா என்றாலே பெருங்குடலை எடுத்துவிடுவார்கள். இன்று முதல் கேள்வி, கண்ணுக்குத் தெரிந்ததா என்பது. எல்லை தெளிவாகத் தெரிந்து, ஒரே துண்டாகக் கருவி வழியே வெட்டி எடுக்க முடிந்தால், உயர்நிலையாக இருந்தாலும் குடலைக் காப்பாற்ற முடியும். பெரிதாகவோ உயர்நிலையாகவோ இருந்தால் மூன்று முதல் ஆறு மாதத்தில் மறுபடி பார்க்க வேண்டும், பிறகு ஆண்டுதோறும். நீண்டநாள் அழற்சியில் சவ்வின் அடியில் தழும்பு ஏறியிருக்கும். திரவம் செலுத்தி எழுப்பினாலும் பழுது மேலே எழும்பாது. அதனால் இந்த வெட்டை இத்துறையில் கைதேர்ந்தவரிடமே செய்துகொள்ள வேண்டும், ஊரில் கிடைத்த இடத்தில் அரைகுறையாகக் கிள்ளிவிட்டால் அடுத்தவருக்கு அது இன்னும் ஒட்டிப்போன தழும்பாகத்தான் கிடைக்கும்.

கண்ணுக்கு எதுவும் தெரியாத இடத்துப் பயாப்ஸியில் டிஸ்பிளேசியா வந்தால், சாயத்தோடு மறுபடி பார்க்க வேண்டும். அப்போதும் தெரியாமல், உயர்நிலையாகவோ பல இடங்களிலோ இருந்தால் அறுவைச் சிகிச்சை பேசப்படும். புற்றே வந்துவிட்டால் எவ்வளவு குடலை எடுப்பது என்பது குரோனில் கடினமான முடிவு. மவுண்ட் சினாய் மருத்துவமனை 2013-ல் வெளியிட்ட கணக்கில், புற்றுள்ள பகுதியை மட்டும் எடுத்தோ மலக்குடலை விட்டுவைத்தோ அறுவை செய்துகொண்ட குரோன் நோயாளிகளில் பத்துக்கு நாலு பேருக்குப் பின்னாளில் இன்னொரு புற்று வந்தது. பழுது பரப்பில் படர்ந்திருக்கும் என்று மேலே சொன்னதன் நேரடி விளைவு இது. மறுபக்கம், முழுவதும் எடுத்தால் அல்சரேட்டிவ் கொலைட்டிஸில் செய்வதுபோலச் சிறுகுடலால் பை கட்டுவது குரோனில் பெரும்பாலும் தவிர்க்கப்படுகிறது, நோய் பையிலும் வரும். நிரந்தர ஸ்டோமா, அதாவது மலம் வெளியேற வயிற்றில் அமைக்கும் திறப்பு, வேண்டியிருக்கலாம். வயது, மலக்குடலின் நிலை, நோயாளியின் விருப்பம் எல்லாம் சேர்ந்து இந்த முடிவை எடுக்க வேண்டும்.

கருவிக்கு எட்டாத இடங்கள்

பெருங்குடலில் சுருக்கம் ஏற்பட்டுக் கருவி போகவில்லை என்றால் ‘பழைய தழும்புதான்’ என்று விட்டுவிடக் கூடாது. சுருக்கத்துக்குள்ளேயே புற்று இருக்கலாம், அதற்கு அப்பாலும் இருக்கலாம். குழந்தைகளுக்கான மெல்லிய கருவியால் முயல வேண்டும், சுருக்கத்தின் விளிம்பிலும் உள்ளேயும் பயாப்ஸி எடுக்க வேண்டும், அப்பால் உள்ளதை சிடி அல்லது எம்ஆர்ஐயில் பார்க்க வேண்டும். எதுவும் முடியாத நீண்ட சுருக்கத்துக்கு அறுவையே சரியான வழியாகலாம்.

ஆசனவாய்ப் பவுத்திரம் உள்ளவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பத்து ஆண்டுக்கு மேல் ஆறாமல் இருக்கும் பவுத்திரப் பாதையிலேயே அரிதாகப் புற்று வருவதுண்டு. நாள்பட்ட சீழ் ஒழுக்கு பழகிப்போனதால் மாற்றத்தைக் கவனிக்கத் தவறுகிறார்கள். புதிதாக விடாத வலி, உட்கார முடியாமை, சீழுக்குப் பதில் ஜவ்வரிசிக் கூழ்போன்ற கொழகொழப்பு, புதுக் கட்டி, ரத்தம் ஆகியவற்றில் ஏதாவது வந்தால் மயக்க மருந்து கொடுத்துப் பரிசோதித்து, பாதையைச் சுரண்டித் திசு எடுத்துப் பார்க்க வேண்டும். ஆன்டிபயாடிக் மாற்றி மாற்றிக் கொடுப்பதில் மாதங்கள் போகும்.

பெருங்குடலை எடுத்து மலக்குடலை மட்டும் தைத்து உள்ளேயே விட்டிருந்தால், பயன்பாட்டில் இல்லாத அந்தத் துண்டும் கண்காணிப்பில் இருக்க வேண்டும். மலம் அந்த வழி வருவதில்லை என்பதால் நோயாளி அதை மறந்துவிடுகிறார், பல நேரம் மருத்துவரும்தான்.

சிறுகுடல் புற்று குரோனில் பல மடங்கு கூடுகிறது. 2006 தொகுப்பாய்வு அதை 33 மடங்கு என்றது. ஆனால் பொதுமக்களிடம் அது மிக அரிது என்பதால், கூடிய பின்னும் எண்ணிக்கை சிறிதே. வழக்கமான கண்காணிப்பு முறை இதற்கு இல்லை. பல ஆண்டு அமைதியாக இருந்த சிறுகுடல் நோயில் திடீரென அடைப்பு வந்து மருந்துக்கு மசியாவிட்டால், இதை மனத்தில் வைத்து ஸ்கேன் செய்ய வேண்டும்.

மருந்தும் கோப்பும்

புற்றைத் தடுக்கும் மருந்து என்று குரோனில் தனியாக எதுவும் இல்லை. குடல் அழற்சி மருந்தான மெசலமைன் பாதுகாப்பு தரும் என்பதற்கான சான்று பெரும்பாலும் அல்சரேட்டிவ் கொலைட்டிஸைச் சேர்ந்தது. அசதயோபிரினோ இன்ஃப்ளிக்சிமாப், அடாலிமுமாப் போன்ற ஊசிகளோ அழற்சியை அடக்குவதால்தான் உதவுகின்றன. செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையின் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் ஆய்வுகளில், கொலோனோஸ்கோபியில் குடல் முழுக்க இயல்பாகத் தெரிந்தவர்களின் அடுத்த ஐந்தாண்டுப் புற்று ஆபத்து பொதுமக்களின் அளவிலேயே இருந்தது. அதனால் தொந்தரவு நின்றதும் மருந்தைத் தானாக நிறுத்துவது இரட்டை இழப்பு: அழற்சி திரும்புகிறது, அடுத்த பரிசோதனையின் துல்லியமும் கெடுகிறது. பிஎஸ்சி உள்ளவர்கள் உர்சோடிஆக்ஸிகோலிக் அமிலத்தைக் கிலோவுக்கு 28 முதல் 30 மில்லிகிராம் என்ற உயர் அளவில் எடுக்கக் கூடாது. அந்த அளவில் டிஸ்பிளேசியா கூடியதாக 2011-ல் வந்த ஆய்வு காட்டியது.

இந்தியாவில் பெருங்குடல் புற்றுக்கென்று அரசு அழைத்துப் பரிசோதிக்கும் திட்டம் கிடையாது. தேசியத் திட்டத்தில் உள்ளவை வாய், மார்பகம், கருப்பை வாய்ப் புற்றுகள்தான். ‘உங்களுக்கு இந்த ஆண்டு கொலோனோஸ்கோபி’ என்று யாரும் கடிதம் அனுப்ப மாட்டார்கள். மருத்துவர் மாறுவார், ஊர் மாறும், மருத்துவமனைக் கணினியில் பழைய எண் கிடைக்காது. ஒரு கோப்பில் அறிகுறி தொடங்கிய ஆண்டு, எல்லாக் கொலோனோஸ்கோபி அறிக்கைகளும் படங்களும், பயாப்ஸி முடிவுகள், அறுவைச் சிகிச்சைக் குறிப்புகள், குடும்ப வரலாறு, அடுத்த தேதி ஆகியவற்றை வைத்திருங்கள். பயாப்ஸி திசு பதிந்த மெழுகுக் கட்டிகளையும் ஸ்லைடுகளையும் ஆய்வகங்கள் சில ஆண்டுகள்தான் வைத்திருக்கும். டிஸ்பிளேசியா என்றோ ‘முடிவு சொல்ல இயலவில்லை’ என்றோ ஒருமுறை வந்திருந்தால், ஆய்வகம் அவற்றை அப்புறப்படுத்துமுன் எழுதிக் கொடுத்து வாங்கி வந்துவிடுங்கள். அடுத்த மருத்துவர் இரண்டாவது கருத்துக்கு முதலில் கேட்பது அவற்றைத்தான்.